மழை விழுந்தாச்சு, காளான் கேள்விகளும் வந்தாச்சு

போன இதழ்ல, அமெரிக்கா கனடாவோட வடமேற்குக் கடலோரக் காடுகள்ல இப்போ காளான் சீசன்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன், அவ்வளவு தான், மெயில் பெட்டி நிரம்பிடுச்சு. அதனால இந்த மாசம் வேற கேள்வி எதுவும் எடுக்கல. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், கோச்சுக்காதீங்க.

சியாட்டில் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவர் சனிக்கிழமை ஆனா காட்டுக்குப் போய் பை நிறைய சாண்டரெல் காளான் கொண்டு வர்றார். கடையில அதே காளான் விலையைப் பாத்தா தலை சுத்துது. நாங்களும் போகலாமா அக்கா? முதல் தடவை எதைத் தேடணும்?

தாராளமா போகலாம். ஆனா "காளான் பறிக்கப் போறோம்"னு கிளம்பாதீங்க, "சாண்டரெல் பறிக்கப் போறோம்"னு கிளம்புங்க. கண்ணுல பட்டதை எல்லாம் பையில போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்து எது என்னன்னு தேடுறவங்க தான் கடைசியில ஆஸ்பத்திரியில நிக்கிறாங்க. முதல் வருஷம் ஒரே ஒரு காளானை எடுத்து நல்லா பழகிக்கோங்க, மத்தது எல்லாம் போட்டோ எடுக்க மட்டும்.

அதுக்கு சாண்டரெல் தான் சரி. ஒரிகன் மாநிலம் 1999ல பசிபிக் கோல்டன் சாண்டரெலை மாநிலக் காளான்னே அறிவிச்சிடுச்சு, அந்த அளவுக்கு அந்தக் கரையோட சொந்தக்காரன் அது. கோடை முடிஞ்சு முதல் நல்ல மழை விழுந்து மண்ணு நனைஞ்ச பிறகு கிளம்பும், அக்டோபர்ல கொட்டும், உறைபனி விழற வரைக்கும் இருக்கும். தேடும்போது முதல்ல தலையைத் தூக்கி மரத்தைப் பாருங்க. டக்ளஸ் ஃபர், வெஸ்டர்ன் ஹெம்லாக், கடலை ஒட்டி வந்தா சிட்கா ஸ்ப்ரூஸ். இந்த மரங்களோட வேருல காளானோட இழை பின்னிக்கிட்டு இருக்கும், மரம் சர்க்கரை குடுக்கும், இது தண்ணியும் தாது உப்பும் தேடிக் குடுக்கும், ரெண்டுக்கும் ஒண்ணு இல்லாம ஆகாது. அதனால தான் இதை பட்டன் காளான் மாதிரி ஒரு கொட்டகையில அடுக்கு போட்டு வளர்க்க முடியல, நீங்க பாத்து அசந்து போன விலைக்கும் காரணம் அது தான். ஆயிரம் வருஷப் பழைய காடு தான் வேணும்னு இல்ல, வெட்டித் திரும்ப வளர்ந்த நாற்பது அம்பது வருஷ டக்ளஸ் ஃபர் காட்டுலயும் நல்லா வரும்.

கையில கிடைச்சதும் திருப்பிப் பாருங்க. நாம கடையில வாங்குற காளானுக்கு அடியில தாள் தாளா தனித்தனியா மடல் இருக்கும் இல்லையா, விரலால தள்ளினா பிஞ்சு வரும். சாண்டரெலுக்கு அது கிடையாது. வரி வரியா மேடு தான் இருக்கும், அந்த வரி நடுவுல ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு குறுக்க சேர்ந்து, தண்டு மேலயே வழிஞ்சு இறங்கி இருக்கும், எங்க தொப்பி முடிஞ்சு எங்க தண்டு ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது. நகத்தால சுரண்டினாலும் தனியா கழண்டு வராது, சதையோட தான் வரும். தண்டை நீளவாக்குல கிழிச்சா வெந்த கோழிக்கறி மாதிரி நார் நாரா பிரியும், உள்ள வெள்ளையா கெட்டியா இருக்கும், மோந்து பாத்தா லேசா ஆப்ரிகாட் வாசனை. போலி சாண்டரெல்னு ஒண்ணு அதே காட்டுல வரும், ஆரஞ்சு நிறம் இன்னும் அழுத்தமா, மடல் மெல்லிசா நெருக்கமா, சதை தொளதொளன்னு. அது ஆளைக் கொல்லாது, ஆனா சிலருக்கு வயித்தைக் கலக்கும்.

முதல் சில தடவை தெரிஞ்சவங்களோட போங்க. சியாட்டில்ல பியூஜெட் சவுண்ட் மைக்கலாஜிக்கல் சொசைட்டி 1964ல இருந்து இருக்கு, வான்கூவர்லயும் அப்படி ஒரு சங்கம் இருக்கு. மெம்பர் ஆனா கூடவே கூட்டிட்டுப் போவாங்க, பறிச்சதைக் கொண்டு போய்க் காட்டவும் செய்யலாம்.

சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருந்து ஒரு வாசகி: அம்மா தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்காங்க. வான்கூவர்ல ஒரு தெருவுல வாக்கிங் போகும்போது மரத்தடி புல்லுல வெள்ளையா முட்டை மாதிரி நாலஞ்சு முளைச்சிருந்துச்சு. "இது நம்ம வைக்கோல் காளான் தான்டி, சின்ன வயசுல எவ்வளவு சாப்பிட்டிருக்கேன்"னு பறிக்கப் போயிட்டாங்க. நான் பயந்து தடுத்துட்டேன், இப்போ வரைக்கும் கோவமா இருக்காங்க. யார் சொன்னது சரி?

அம்மாகிட்ட இந்தப் பக்கத்தை அப்படியே படிச்சுக் காட்டுங்க. அம்மா கண்ணு தப்பு பண்ணல, ரெண்டும் நிஜமாவே அப்படித்தான் இருக்கும். ஊர் தான் மாறிப்போச்சு.

அங்க அது டெத் கேப்னு ஆளைக் கொல்ற விஷக்காளானா இருக்க நிறைய வாய்ப்பு. இந்தக் கரையோரத்துக்கே சொந்தமில்லாத காளான், ஐரோப்பாவுல இருந்து அழகுக்கு நடுற மரங்களோட வேர்ல ஒட்டிக்கிட்டு வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவுல முதல்ல கண்டுபிடிச்சது 1997ல, மிஷன் பக்கத்துல ஒரு செஸ்ட்நட் மரத்தடியில. இப்போ வான்கூவர் தெருக்கள்ல வரிசையா நட்டிருக்கிற ஹார்ன்பீம் மரத்தடியில சர்வ சாதாரணமா வருது. அதனால நடுக்காட்டை விட வீட்டுத் தெரு தான் இந்த விஷயத்துல பயப்பட வேண்டிய இடம். 2016ல விக்டோரியாவுல மூணு வயசுக் குழந்தை ஒண்ணு இதைச் சாப்பிட்டு இறந்து போச்சு, அதுவும் காட்டுல பறிச்சது இல்ல, ஊருக்குள்ள.

சின்னதா முட்டை பருவத்துல ரெண்டுக்கும் வெளிய வித்தியாசமே தெரியாது, விரிஞ்ச பிறகும் ரெண்டுக்கும் அடியில கிண்ணம் மாதிரி ஒரு பை இருக்கும். விரிஞ்சதுல பாத்தா, வைக்கோல் காளான் மடல் வயசாக ஆக ரோஸ் கலர் ஆயிடும், தண்டுல வளையம் இருக்காது. டெத் கேப் மடல் கடைசி வரைக்கும் வெள்ளை, தண்டுல பாவாடை மாதிரி ஒரு சவ்வு தொங்கும், அதுவும் சில சமயம் மழையில விழுந்துடும். தொப்பியை வெட்டி பாதி வெள்ளை பாதி கருப்பு தாள் மேல கவுத்து, ஒரு டம்ளரால மூடி ராத்திரி முழுக்க வச்சா தூள் கொட்டியிருக்கும், வைக்கோல் காளானுக்கு ரோஸ், டெத் கேப்புக்கு வெள்ளை. இதை எல்லாம் சொல்றது தெரிஞ்சுக்கத் தான், டெஸ்ட் பண்ணிட்டுச் சாப்பிடுங்கன்னு இல்ல. வைக்கோல் காளான் நம்ம ஊர் வெக்கையில, மக்கின வைக்கோல்ல வர்றது. அக்டோபர் குளிர்ல வான்கூவர் ரோட்டோரப் புல்லுல அதுக்கு என்ன வேலை? வியட்நாம், லாவோஸ்னு நெல்லு விளையற ஊர்ல இருந்து வந்தவங்க அமெரிக்காவுல இதே மாதிரி ஏமாந்து போயிருக்காங்க.

இதோட விஷத்துல கொடுமை என்னன்னா உடனே தெரியாது. ருசியா தான் இருக்கும்னு சாப்பிட்டுப் பிழைச்சவங்களே சொல்லியிருக்காங்க. ஆறு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம், சில பேருக்கு ஒரு நாள் கழிச்சு தான் வாந்தி பேதி ஆரம்பிக்கும். அப்புறம் நின்னுடும், சரியாயிடுச்சுன்னு நினைச்சு கஞ்சி குடிச்சுட்டு படுப்பாங்க, அந்த நேரத்துல ஈரல் செத்துக்கிட்டு இருக்கும். வேக வச்சாலும் காய வச்சாலும் ஃப்ரீசர்ல வச்சாலும் அந்த விஷம் போகாது. யாராவது சாப்பிட்டுட்டா வாந்தி வரட்டும் பாக்கலாம்னு காத்திருக்காதீங்க, மிச்சம் இருக்கிற காளானை ஒரு பேப்பர் பையில எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்கு ஓடுங்க. பிரிட்டிஷ் கொலம்பியாவுல விஷ உதவி நம்பர் 1-800-567-8911, அமெரிக்காவுல எங்க இருந்தாலும் 1-800-222-1222, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

அம்மாவுக்கு ஆசையா இருந்தா சைனீஸ் கடையில வைக்கோல் காளான் டின்ல கிடைக்கும், வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணுங்க.

போர்ட்லாண்ட் வாசகர்: பூண்டு போட்டு வேக வச்சா கருப்பாகலன்னா நல்ல காளான், பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான்னு எங்க பாட்டி சொல்வாங்க. இது உண்மையா?

இல்லைங்க. பூண்டு, வெள்ளிக் காசு, அரிசி, மஞ்சள் எதுவும் டெத் கேப்ல இருக்கிற அமாடாக்சின்ங்கிற விஷத்தைக் கண்டுபிடிக்காது. டெத் கேப்பை நத்தையும் புழுவும் ஜோரா தின்னும், அதுங்க உடம்பு வேற நம்ம உடம்பு வேற. பாட்டி தப்பிச்சது பூண்டால இல்ல. இடி இடிச்ச மறுநாள் எந்தப் புத்துல எந்தக் காளான் வரும்னு அவங்களுக்கு இடமும் காலமும் சேர்த்துத் தெரியும், எது நாய்க்குடைன்னும் தெரியும், அதான் காப்பாத்துச்சு. அந்த அறிவு அந்த மண்ணோடது, விமானம் ஏறி வராது.

பெல்வ்யூ வாசகி: போன்ல போட்டோ எடுத்தா பேர் சொல்ற ஆப் இருக்கே, அது போதாதா?

பேரைக் கத்துக்க நல்லது, நானும் யூஸ் பண்றேன். வாயில வைக்கிற முடிவுக்கு அது போதாது. ஆப்புக்கு வாசனை தெரியாது, தண்டு நொறுங்குதா நாரா கிழியுதான்னு தெரியாது, மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கிற அந்தப் பை தெரியாது, நீங்க மேல இருந்து எடுத்த ஒரு படம் தான் தெரியும். 2023ல ஆன்லைன்ல ஏஐ எழுதின காளான் கைடு புத்தகமே விக்க ஆரம்பிச்சு, காளான் சங்கங்கள் எல்லாம் வாங்காதீங்கன்னு கத்துச்சு. புத்தகம் வாங்கினா உங்க பகுதிக்குன்னே எழுதினதா, எழுதினவர் நிஜமா இருக்கிற ஆளான்னு பாத்து வாங்குங்க.

நோர்வே, பேர்கனில் இருந்து ஒரு வாசகி: அக்கா, இஞ்ச ஒக்டோபரிலை பாசிக்குள்ள த்ரக்ட்கந்தரெல் எண்டு ஒரு சின்னக் காளான் கூட்டம் கூட்டமா வரும். பிள்ளையள் கூட்டாளியளோட போய் ஒரு கூடை ஆய்ஞ்சு கொண்டு வந்திட்டினம். சமைக்கலாமோ? எனக்குப் பயமாக் கிடக்கு.

பயம் நியாயமான பயம் தான். த்ரக்ட்கந்தரெல் நல்ல காளான், அமெரிக்கக் கரையில இதோட சொந்தத்தை விண்டர் சாண்டரெல்னு சொல்வாங்க. ஆனா அதே பாசியில, அது நடுவுலயே, ஸ்பிஸ் யிஃப்ட்ஸ்லூர்சொப்னு ஒண்ணு வரும், அதுல இருக்கிற ஒரெலனின்ங்கிற விஷம் கிட்னியை அடிக்கும். ரெண்டு நாள்ல இருந்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, தெரியும்போது டயாலிசிஸ் தான். 2008ல ஸ்காட்லாந்துல ஒரு பிரபல ஆங்கில நாவலாசிரியரும் அவர் குடும்பத்துல மூணு பேரும் இதே விஷத்துல மாட்டிக்கிட்டாங்க, அவருக்கு 2011ல மக தன் கிட்னியைக் குடுத்து தான் டயாலிசிஸ் நின்னுச்சு.

கூடையை மேசையில கொட்டி ஒண்ணு ஒண்ணா எடுங்க, மொத்தமா பாக்காதீங்க. த்ரக்ட்கந்தரெல் தொப்பி பழுப்பு, நடுவுல குழி, தண்டு மஞ்சள், கிள்ளிப் பாத்தா உள்ள குழல் மாதிரி காலி, அடியில வரி மேடு. விஷக்காளான் தொப்பி நடுவுல கூம்பா இருக்கும், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே துரு நிறம், அடியில நிஜமான மடல். பிள்ளைங்க கை நிறைய அள்ளும்போது தான் ஒண்ணு கலந்துடும், அதனால ஆயும்போதே ஒவ்வொண்ணா பாக்கச் சொல்லிக் குடுங்க. உங்களுக்கு ஒரு பெரிய வசதி என்னன்னா அங்க சொப்கொன்ட்ரோல் இருக்கு, பயிற்சி எடுத்தவங்க சீசன்ல உக்காந்து இலவசமா பாத்துச் சொல்வாங்க, ஆன்லைன்லயும் படம் அனுப்பலாம், அவங்க கேக்கற கோணத்துல எல்லாம் எடுத்து அனுப்பணும். அவங்க சரின்னு சொன்ன பிறகு அடுப்பைப் பத்த வைங்க. அங்க விஷத்துக்கான உதவி நம்பர் 22 59 13 00.

வான்கூவர் வாசகர்: கத்தியால வெட்டணுமா, வேரோட புடுங்கணுமா? இதுல ஒரு சண்டையே நடக்குது.

ஆமா, காளான் ஆளுங்க இதுல கல்யாண வீட்டுலயே சண்டை போடுவாங்க. சுவிட்சர்லாந்துல 1975ல ஆரம்பிச்சு 29 வருஷம் ஒரே காட்டை அளந்து, 2006ல முடிவை வெளியிட்டாங்க, வெட்டினாலும் சரி புடுங்கினாலும் சரி, அடுத்த வருஷ விளைச்சல் குறையல. குறைச்சது மனுஷன் மிதிச்சது தான். அதனால நாலு குடும்பம் சேர்ந்து ஒரே இடத்துல துவைக்காதீங்க. தெரியாத காளானா இருந்தா கட்டாயம் அடியோட தோண்டி எடுங்க, அந்தப் பை இருக்கா இல்லையான்னு பாக்க வேற வழி இல்ல. நல்லா தெரிஞ்ச சாண்டரெல்னா வெட்டுங்க, கூடையில மண்ணு சேராது, கழுவுற வேலை மிச்சம்.

நனைமோ வாசகர்: எங்க பறிக்கலாம், எங்க பறிக்கக் கூடாது? நீங்க போற இடத்தையும் சொல்லிடுங்க அக்கா.

நான் போற இடம் என் வீட்டுக்காரருக்கே அரைகுறையா தான் தெரியும். சட்டம் மட்டும் சொல்றேன். பிரிட்டிஷ் கொலம்பியாவுல மாகாணப் பூங்கா, தேசியப் பூங்கா, வான்கூவர் ரீஜனல் பார்க் எதுலயும் பறிக்கக் கூடாது. கிரவுன் லேண்ட்னு சொல்ற அரசாங்க நிலத்துல வீட்டுக்குன்னு பறிக்க பெர்மிட் கேக்க மாட்டாங்க, ஆனா பூர்வகுடி மக்களோட நிலம் அங்க நிறைய, அவங்ககிட்ட கேட்டுட்டு தான் கால் வைக்கணும். அமெரிக்காவுல ஒவ்வொரு நேஷனல் ஃபாரஸ்ட்டுக்கும் ஒரு அளவு, ஒரு விதி, போறதுக்கு முன்னாடி ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.

சட்டத்தை விட வழி தவறுறது தான் பெரிய தொல்லை. குனிஞ்ச தலை நிமிராம ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போய்க்கிட்டே இருப்பீங்க, நிமிரும்போது நாலு பக்கமும் ஒரே ஹெம்லாக், ஒரே ஃபெர்ன், சலால் புதர் இடுப்பு வரைக்கும், சிக்னல் கிடையாது, சீக்கிரமே இருட்டும். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, விசில் வச்சுக்கோங்க. வேட்டை சீசனும் அதே மாசம் தான், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கோங்க. பழுப்பு சால்வை போத்திக்கிட்டு புதருக்குள்ள குனியாதீங்க, தயவு செஞ்சு.

ஒரிகன் வாசகர்: மட்சுடாக்கே காளானுக்கு ஜப்பான்ல தங்க விலையாமே, வார கடைசியில பறிச்சு வித்தா என்ன?

விலை உண்மை, ஆனா அது அன்னன்னைக்கு மாறும், குடை விரியாத மொட்டுக்கு தான் முதல் தர விலை, விரிஞ்சதுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது. விக்கிறதுக்குத் தனி பெர்மிட் வேணும், கூடாரம் போட்டு சீசன் முழுக்க அதுவே தொழிலா இருக்கிறவங்க இருக்காங்க, அவங்க வயித்துப் பொழப்பு அது. உங்களுக்கு பெட்ரோல் காசு கூட வராது. ஒரிகன் கடற்கரை மணல்மேட்டுல ஷோர் பைன் மரத்தடியில வரும், ஆசைக்குத் தேடிப் பாருங்க. ஆனா ரேக் போட்டு மண்ணைப் பறிக்காதீங்க, ஆழமா கிளறி அப்படியே போட்டா பல வருஷத்துக்கு அந்த இடத்துல வராது. அதோட அமனிடா ஸ்மித்தியானான்னு ஒரு வெள்ளைக்காரன் பக்கத்துலயே நிப்பான், அதுவும் கிட்னி ஆளு. மட்சுடாக்கே தண்டு கல்லு மாதிரி, விரலால அழுத்தினா நசுங்காது, லவங்கப்பட்டை வாசனை குப்புன்னு வரும். மற்றது நொறுங்கும், அந்த வாசனையும் இருக்காது. வாசனையில சந்தேகம் வந்தாலே கீழ போட்டுடுங்க.

ரிச்மண்ட் வாசகி: சாண்டரெல் கிடைச்சுது, குருமா வச்சேன், ஒண்ணும் ருசியே இல்ல!

கிராம்பும் பட்டையும் தேங்காயும் போட்டா அது பாவம் எங்க போகும்? சாண்டரெல் மெல்லிசான ருசி. பிரஷ்ஷால துடைச்சு, பெரிசா கிழிச்சு, எண்ணெய் இல்லாம காஞ்ச சட்டியில போட்டு உப்பு தூவுங்க. தண்ணி தண்ணியா விடும், பயப்படாதீங்க, அது முழுக்க வத்தட்டும். அப்புறம் வெண்ணெய், ரெண்டு சின்ன வெங்காயம், இடிச்ச மிளகு, நாலு கறிவேப்பிலை, அவ்வளவு தான். சூடான சாதத்துல போட்டுப் பிசைஞ்சா வேற எதுவும் வேண்டாம். மசாலாவுக்கு ஆசைப்பட்டா லாப்ஸ்டர் காளான் தேடுங்க, ருசுலாங்கிற வெள்ளைக் காளானை இன்னொரு பூஞ்சை பிடிச்சு செக்கச்செவேல்னு ஆக்கி வச்சிருக்கும், கெட்டியா இருக்கும், காரக்குழம்புல கூட கரையாது. நிறைய கிடைச்சா சாண்டரெலை காய வைக்காதீங்க, தோல் மாதிரி ஆயிடும், வதக்கி ஃப்ரீசர்ல வைங்க. காய வைக்க போர்சினிங்கிற இன்னொரு காட்டுக் காளான் தான் லாயக்கு.

எந்தக் காட்டுக் காளானா இருந்தாலும் பச்சையா வேண்டாம், முதல் தடவை நாலு துண்டு மட்டும், ஒரே வகை மட்டும், ரெண்டு முழுசை சமைக்காம ஃப்ரிட்ஜ்ல தனியா வைங்க, ஏதாவது ஆச்சுன்னா டாக்டர் முதல்ல அதைத் தான் கேப்பார்.

டகோமா வாசகி: அழுகின ஹெம்லாக் கட்டை மேல வெள்ளை வெளேர்னு இதழ் இதழா ஏஞ்சல் விங்ஸ்னு ஒண்ணு கிடைக்குது, ஆய்ஸ்டர்னு கடையில விக்கிற சிப்பிக் காளான் மாதிரியே இருக்கு, பழைய புத்தகத்துல சாப்பிடலாம்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு கிட்னி பிரச்சனை உண்டு, குடுக்கலாமா?

கூடவே கூடாது. ஜப்பான்ல காலங்காலமா சாப்பிட்டு வந்த காளான் தான் அது, 2004 இலையுதிர் காலத்துல அதைச் சாப்பிட்ட 59 பேர் மூளை பாதிச்சு விழுந்தாங்க, 17 பேர் இறந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க ஏற்கனவே கிட்னி சரியில்லாத வயசானவங்க. உங்க புத்தகம் அதுக்கு முந்தினதா இருக்கும். வீட்டுல வேற யாரும் சாப்பிட வேண்டாம்னு தான் நான் சொல்வேன். அப்பாவுக்கு காளான் ஆசை இருந்தா கடையில ஆய்ஸ்டர் வாங்கி, அதுல பொட்டாசியம் உண்டு, அவர் டாக்டர்கிட்ட எவ்வளவு குடுக்கலாம்னு கேட்டுட்டு செஞ்சு குடுங்க.